பிரவுசரை மூடும் முன் ‘மூடவா?’ என்று கேட்க வைப்பது எப்படி (எல்லாவற்றுக்கும் வேண்டாம்)

செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறையில் பில் போடுவது, வெள்ளி விலை பார்ப்பது எல்லாம் லினக்ஸில் ஓடும் ஃபயர்பாக்ஸில்தான். ஒரு டேப்பை மூட கன்ட்ரோல் டபிள்யூ, மொத்த பிரவுசரையும் மூட கன்ட்ரோல் க்யூ. விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால் பாதி போட்ட பில் காலி. விண்டோஸில் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்தவேண்டும், அதனால் அங்கே இந்த வம்பு குறைவு.

முதலில் செட்டிங்ஸ், ஜெனரல் போய் டேப்ஸ் பகுதியைப் பாருங்கள். கன்ட்ரோல் க்யூவுக்குக் கேள்வி கேட்கச் சொல்லும் பெட்டி ஒன்று, பல டேப்களை மூடும்போது கேட்கச் சொல்லும் பெட்டி ஒன்று. முதலாவதில் டிக் இருக்கட்டும். இரண்டாவது உங்கள் இஷ்டம். 2021 நவம்பரில் வந்த 94ஆம் பதிப்பிலிருந்து, மேலே உள்ள எக்ஸ் பட்டனைத் தட்டினால் ஃபயர்பாக்ஸ் தானாகக் கேட்பதில்லை; பழைய பழக்கம் வேண்டுமென்றால் இதை டிக் செய்யுங்கள். நான் செய்யவில்லை. மாலையில் கூலிக் கணக்கு முடித்துக் கிளம்பும் அவசரத்தில் அந்தக் கேள்வியை யாரும் படிப்பதில்லை, என்டர் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தினமும் கேட்டால் நிஜமாகவே கேட்கவேண்டிய அன்றைக்கும் அதே என்டர்தான்.

அதைவிட உருப்படியானது அடுத்த படி. அதே ஜெனரலில் மேலே, முந்தைய ஜன்னல்களையும் டேப்களையும் திறக்கச் சொல்லும் பெட்டி. எனக்கு நேரம் போனது இங்கேதான்: பெட்டி சாம்பல் நிறத்தில் கிடந்தது, எத்தனை தட்டியும் டிக் விழவில்லை. காரணம் வேறு பக்கத்தில் இருந்தது. பிரைவசி பகுதியில் ஹிஸ்டரியை நினைவில் வைக்கவே வேண்டாம் என்று யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். நினைவில் வைக்காத பிரவுசர் எதைத் திரும்பத் திறக்கும்? அதை ‘நினைவில் வை’ என்று மாற்றி, ஒருமுறை மூடித் திறந்தபின் பெட்டி உயிர் பெற்றது. பிரைவேட் ஜன்னலில் திறந்தவை எப்படியும் திரும்ப வராது. ஒரே ஒரு டேப் தவறி மூடினால் கன்ட்ரோல் ஷிஃப்ட் டி போதும்.

கரண்ட் போனால் எந்த சாஃப்ட்வேரும் கேட்டுவிட்டுப் போவதில்லை, அதனால் கணக்கு எழுதும் லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் போய் ஆட்டோ ரெகவரி (எழுதியதை அவ்வப்போது தானாக எடுத்து வைப்பது) நிமிடத்தை 2 ஆக்கிவிடுங்கள். பட்டறைக் கணக்கு பெரிய ஃபைல் இல்லை, வேகம் குறையாது. யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

பிற்சேர்க்கை: ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், விண்டோஸ் 11 நோட்பேட் சேவ் செய்யவா என்று கேட்காமலே மூடிக்கொள்கிறதே, அறை புக்கிங் குறிப்பு போச்சா என்று பதறினார். போகவில்லை. அது எழுதியதை வைத்திருந்து மறுபடி திறக்கும்போது காட்டும். ஆனால் உள்ளே ஒரு டேப்பை மட்டும் மூடினால் கேட்கும், அங்கே ‘சேவ் வேண்டாம்’ கொடுத்தால் நிஜமாகவே போய்விடும்.