செலோக்காரர் தவிர்க்க வேண்டியவை, முக்கியமாக அந்தப் பசை

செலோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசிப்பவர்களுக்கு, வில்லை இறுக்கிப் பிடிக்காதே, நகத்தை வெட்டு என்பதெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். கொழும்பில் மேடையிலும் பல்கலைக்கழக வகுப்பிலும் புதியவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறொன்று.

செலோவைத் தச்சு பாஸிடம் கொடுப்பது

நம் ஊர் ஈரக்காற்றில் ஊறிய செலோவை ஏசி மண்டபத்துக்குள் கொண்டுபோனால் மரம் சுருங்கும், வெளியே வந்தால் திரும்ப உப்பும், இந்த இழுபறியில் மேற்பலகையின் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போகும். பயப்பட ஒன்றுமில்லை. மேற்பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். அது வெடிக்கக்கூடாது என்றுதான் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையை நீர்க்கக் கரைத்து ஒட்டுகிறார்கள். மரம் அசைந்தால் முதலில் விட வேண்டியது பசைதான். வாத்தியம் திருத்தத் தெரிந்தவர் மெல்லிய கத்தியால் திறந்து, பழைய பசையை வெந்நீரால் துடைத்து, அதே வகைப் பசையால் ஒட்டித் தருவார்.

ஒரு மாணவியின் செலோ, ஓர ஒட்டு விட்டதால் ஜி கம்பியில் இரைந்தது. வீட்டில் அவசரப்பட்டு, அலுமாரி செய்யும் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய் எபொக்ஸி என்ற கடும் இரசாயனப் பசை போட்டு இறுக்கிவிட்டார்கள். "மிஸ், பாஸ் நல்லா ஒட்டித் தந்தவர், இனி விடாதாம்" என்று சந்தோஷமாகக் காட்டினாள். உண்மைதான், ஒட்டு விடவில்லை. சில மாதங்களில், மேற்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் துளையிலிருந்து கீழே பலகையே பிளந்தது. அந்தப் பசையை வெந்நீர் கரைக்காது, எனவே பலகையைக் கழற்றும்போது ஓரமும் சிம்பு சிம்பாய்ப் பெயர்ந்து வந்தது. சின்னச் செலவில் முடிந்திருக்க வேண்டியது, வாத்தியத்தின் பாதி விலையை விழுங்கியது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே மாதம் ஒருமுறை விரல் முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்கள், ஒட்டு விட்ட இடம் சொத்தையாகச் சத்தம் போடும். திருத்துபவர் கிடைக்கும்வரை வாசிக்காமல் வையுங்கள். சூப்பர் குளூவைத் தொடவே வேண்டாம்.

நான்கு கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்றுவது

கம்பிகளின் இழுவை 50 கிலோவுக்கு மேல். அது போனால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் விழும், உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியும் விழக்கூடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப்போவது

வேண்டாம்.

பாக் மட்டும் வாசிப்பது

இசையமைப்பாளர் பாக்கின் ஆறு தனிச் செலோ சுவீட்டுகளையும் (பல துண்டுகள் சேர்ந்த தொகுப்புகள்) கரைத்துக் குடித்தவர்கள், ஒர்க்கெஸ்ட்ரா ஒத்திகையில் தடுமாறி நிற்பார்கள். இங்கே மேடை வாய்ப்பு பெரும்பாலும் ஒர்க்கெஸ்ட்ரா வரிசையில்தான். பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியில் இரண்டாம் பகுதியைத் தொடங்குவதே வயோலாவும் செலோவும்தான், அதையும் தினமும் எடுத்து வாசியுங்கள்.

கேட்ட மணித்தியாலத்துக்கெல்லாம் ஓம் சொல்வது

வருகைதரு விரிவுரையாளர்களுக்கு இது. காலைப் பயிற்சி நேரத்தை முதலில் நேரசூசியில் எழுதிவிட்டு, அப்புறம் வகுப்பை ஒப்புக்கொள்ளுங்கள்.