பள்ளி விட்டதும் பெருஞ்சலங்கை: திருப்பூர் பக்கம் ஆட்ட வகுப்பு நடத்த

பள்ளி மணி அடித்த அரை மணி நேரத்துக்குள் வகுப்பைத் தொடங்குங்கள். இடைவெளி நீண்டால் பையன் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க (தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு) போய்விடுவான். வந்ததும் முதலில் தட்டைப்பயறுச் சுண்டல். வெறும் வயிற்றில் குதித்தால் தலை சுற்றும்.

'வழி தவறியவர்களுக்கான வகுப்பு' என்று பலகை வைத்தால் எவனும் வரமாட்டான். நன்றாகப் படிப்பவர்களையும் கலந்து சேருங்கள்.

காலில் பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கை ஆட்டம் பையன்களை இழுக்கும். ஆனால் முதல் மாதம் சலங்கை கட்டாதீர்கள். பழகாத கணுக்கால் அந்த எடையைத் தாங்காது. வெறுங்காலில் அடவு (ஆட்ட அசைவு) படியட்டும். சிமெண்ட் தரையில் குதித்தால் கணைக்கால் எலும்பு வலிக்கும். தண்ணீர் தெளித்து இறுகிய மண் தரை நல்லது. வள்ளி, முருகன் கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளி கும்மியும் எடுக்கலாம்; வட்டத்தில் பின்வரிசை கிடையாது. சாதிப் பெருமை பேசும் வரிகளை மட்டும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப்பேர் மறுநாள் வரமாட்டார்கள்.

சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பள நாள். புது அடவை அன்று வைக்காதீர்கள்.

தாமதமாக வருபவனை வெளியே நிறுத்த வேண்டாம், தாளம் போடச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் அன்று மாலையே வீட்டுக்கு ஆள் போகட்டும். 14 வயது நிரம்பாதவன் வேலைக்குப் போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.