ஹால்ஸ்டாட் பங்குக் கோவிலைப் பார்ப்பது எப்படி

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்கு ரயிலில் செல்பவர்கள், நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருப்பதால், அங்கிருந்து படகில் ஏறித்தான் ஊருக்குள் வர வேண்டும். ஏரியோரம் ஊசிபோன்ற கோபுரத்துடன் நிற்பது சீர்திருத்த சபையின் ஆலயம். கத்தோலிக்கப் பங்குக் கோவில், அதாவது இவ்வூர்க் கத்தோலிக்கர்களின் ஆலயம், அதற்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. ஏறும் படிகள் செங்குத்தானவை என்பதால், வழுக்காத காலணி அணிந்து, காலையிலேயே செல்வது நல்லது.

உள்ளே நுழைந்ததும் மரத்தாலான மரியாள் சிறகுப் பீடத்தின் (இருபுறமும் சிறகுபோல் திறந்து மூடும் பலகைகள் கொண்ட பீடம்) முன் பொறுமையாக நில்லுங்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியன்ஹார்ட் ஆஸ்டில் செதுக்கிய அதன் நடுவில் மரியாளும், இருபுறமும் புனித பார்பராவும் புனித கத்தரீனாவும் நிற்கின்றனர். பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாவலர் என்பதை நினைத்தால், உப்புச் சுரங்கத்தால் வாழ்ந்த இவ்வூர் அவரை ஏன் இங்கே வைத்தது என்பது விளங்கும்.

கல்லறைத் தோட்டத்தையொட்டிய மிக்கேல் சிற்றாலயத்தின் எலும்பு அறையைத் தவறவிடக் கூடாது. இடப்பற்றாக்குறையால் பழைய கல்லறைகளைத் திறந்து, எடுத்த மண்டையோடுகளை வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் இலைமாலையும் பூக்களும் தீட்டிப் பெயரையும் எழுதி அடுக்கினார்கள். ஏறத்தாழ 1,200 மண்டையோடுகளில் 610 வண்ணம் தீட்டப்பட்டவை. ஒரே குடும்பத்தினர் அருகருகே இருப்பதைக் கவனியுங்கள். அந்த அன்பு என்னை மிகவும் நெகிழவைக்கிறது.

அறைக்குத் தனிக் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் காலத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பலி நேரத்தில் சுற்றிப்பார்ப்பதைத் தவிர்த்து, கல்லறைகளை மிதிக்காமல் நடங்கள்.