பிளாக் கேட்பதற்கு முன்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் டெல்டா வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் காவிரியின் கிளைகளான குடமுருட்டியும் அரசலாறும் வெறும் மணல். சம்பா நடவு நேரத்துப் படத்திலோ வயலெல்லாம் தண்ணீர். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் புதிதாக வருபவர் முதல் படத்தைப் பார்த்து ஆற்றை அழித்துவிடுவார். இரண்டாவதைப் பார்த்து வயலைக் குளமாக வரைந்துவிடுவார். பல வருஷமாக வரைகிறவர் இதைப் பார்த்ததும், "யாரோ வேண்டுமென்றே நாசம் பண்ணுகிறார்கள், பிளாக் பண்ணச் சொல்லுங்கள்" என்று, அதாவது அந்தக் கணக்கால் திருத்த முடியாதபடி தடுக்கச் சொல்லி, கொதிப்பார். டெல்டாவில் அதிகம் நடக்கும் தவறு இந்தக் கொதிப்புதான்.

ஆற்றுக்கு 'இன்டர்மிட்டன்ட்' (சில காலம் மட்டும் தண்ணீர் ஓடும்) என்ற டேக்கும் (விவரக் குறி), வயலுக்கு 'ஃபார்ம்லேண்ட்' (விளைநிலம்) டேக்கோடு பயிர் நெல் என்ற குறிப்பும் சேர்த்தால் தீர்கிற விஷயம் இது. நாசவேலையா, தெரியாமல் செய்ததா என்று பிரிக்க அந்தக் கணக்கின் மற்ற சேஞ்ச்செட்களையும் (ஒருமுறையில் சேமித்த திருத்தங்களின் தொகுப்பு) திறந்து பாருங்கள். ஒரே ஊரைச் சுற்றித் தெரு, கோயில், டீக்கடை என்று வரைந்திருந்தால் அவர் உள்ளூர்க்காரர், கற்றுக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பெயர்களில் வசைச்சொல், காரணமில்லாமல் கூட்டமாக அழிப்பு என்றிருந்தால் காத்திருக்காமல் புகார் செய்யலாம்.

தவறு பழைய ஆள் பக்கமும் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்துபோன தோப்பை உள்ளூர்க்காரர் ஒருவர் நீக்கினால், அதற்கு முன் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதைத் திரும்பப் போடுவது சரியாகாது. தரையில் இருப்பதுதான் கணக்கு, படம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த தவறு, சேஞ்ச்செட்டின் கீழே குறிப்பு எழுதி ஒரு வரி கேட்காமலே புகாருக்கு ஓடுவது. கேட்பதைத் தமிழிலேயே கேட்கலாம்: "வணக்கம். இந்த இடம் சம்பா வயல், படம் எடுத்தபோது தண்ணீர் நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். நேரில் பார்த்தீர்களா?" இவ்வளவு போதும். வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டு ஆறு பேர் வரிசையாக வந்து கேட்டால், கேட்கப்பட்டவர் பதில் சொல்ல மாட்டார், வரைவதையே விட்டுவிடுவார். பதில் வரச் சில நாள் பொறுங்கள். அந்தக் குறிப்பு மின்னஞ்சலாகத்தான் போகும். மொபைல் ஆப்பில் வரைகிற பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

இதற்கென்றே இருக்கிறது 0 மணி நேர பிளாக். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது நல்ல ஏற்பாடு. தளத்தில் லாகின் செய்து செய்தியைப் படிக்கும்வரை அந்தக் கணக்கால் எதையும் திருத்த முடியாது. படித்துவிட்டால் உடனே வழி திறந்துவிடும். காது கேட்காதவரின் தோளைத் தட்டுவது போல. அதையும் மீறினால் சில மணி நேரம், சில நாள் என்று ஏறும். 10 வருஷம் வரைகூடப் போடலாம். பிளாக் போடும் அதிகாரம் மாடரேட்டர்களுக்கு மட்டுமே. டேட்டா ஒர்க்கிங் குரூப் என்ற தன்னார்வலர் குழுவினர் அவர்கள். உள்ளூர்க் குழுவில் எத்தனை வருஷம் இருந்தாலும் நமக்கு அந்த அதிகாரம் கிடையாது.

மாடரேட்டர்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பிவிட்டு, "எல்லாம் போச்சு" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. கணக்கின் பெயர், இரண்டு மூன்று சேஞ்ச்செட் எண்கள், எது ஏன் தவறு, எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது: இவ்வளவும் எழுதுங்கள். அவர்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் தெரிந்திருக்காது. கல்லணைக் கால்வாயைத்தான் ஊரில் புது ஆறு என்பார்கள் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

பெயர்ச் சண்டையில் இரண்டு தரப்புக்கும் பிளாக் விழும். மாயவரமா மயிலாடுதுறையா என்று ஒருவர் மாற்ற, இன்னொருவர் திருப்ப, "நான் சொல்வதுதான் சரி" என்பது அங்கே செல்லாது. இரண்டாவது முறை திருப்புவதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் இருப்பது முதன்மைப் பெயர். பழையதற்கு 'ஓல்டு நேம்', பேச்சு வழக்குக்கு 'ஆல்ட் நேம்', தமிழுக்குத் தனி டேக். எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மாவட்ட எல்லைக்குச் சண்டையே வேண்டாம்: மயிலாடுதுறை 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது, அரசாணை இருக்கிறது.

கெட்டதைத் திருப்பும் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனாலேயே அதிலும் கெடுப்பவர்கள் உண்டு. அந்த ஆள் வரைந்துகொண்டிருக்கும்போதே ரிவர்ட் தொடங்காதீர்கள். பல சேஞ்ச்செட் இருந்தால் கடைசியாகப் போட்டதை முதலில் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் மோதல் பட்டியல் (ஒன்றோடொன்று முரண்படும் திருத்தங்கள்) நீண்டுகொண்டே போகும். ஒரு சேஞ்ச்செட்டில் 10,000 பொருள் வரை இருக்கலாம், நல்லதும் அதில் கலந்திருக்கும். ஜோசம் என்ற வரைபடத் திருத்த மென்பொருளின் ரிவர்ட்டர் பிளகினில் தேர்ந்தெடுத்ததை மட்டும் திருப்பும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். திருப்பிய சேஞ்ச்செட்டின் குறிப்பில் பழைய எண்ணையும் காரணத்தையும் எழுதுங்கள்.

கூகுள் மேப்ஸைப் பார்த்துத் தெருப் பெயர் எழுதுவது வேறு வகைத் தவறு. உரிமம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கண்டுபிடித்தால் திருப்புவதோடு நிற்காது, பழைய பதிப்புகளையும் வரலாற்றில் பார்க்க முடியாமல் மறைத்துவிடுவார்கள். அதன் மேல் நீங்கள் நேர்மையாகச் சேர்த்ததும் சேர்ந்து போகலாம். கல்லூரி வகுப்பில் நாற்பது மாணவர்களுக்கு ஒரே கணக்கைக் கொடுப்பதும் இப்படித்தான்: ஒருவர் செய்த தப்புக்கு மொத்த வகுப்பும் நிற்கும். ஆளுக்கொரு கணக்கு, எல்லாச் சேஞ்ச்செட்டிலும் ஒரே ஹேஷ்டேக், பொறுப்பாசிரியரைத் தொடர்புகொள்ள ஒரு வழி.

பிளாக் உங்களுக்கே விழுந்தால் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். வரையும் பாணியும் இடமும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். பிளாக் செய்தி எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கணக்கின் பக்கத்திலேயே நிற்கும். அதனால் பதிலை நிதானமாக எழுதுங்கள். ஆப்பில் "அனுமதி இல்லை" என்ற மாதிரி ஒரு பிழை மட்டும் வந்தால், அதை அழித்துத் திரும்ப நிறுவுவதில் பயனில்லை. பிரவுசரில் தளத்தைத் திறந்து லாகின் செய்யுங்கள், செய்தி அங்கேதான் இருக்கும்.