மேனேஜர் உங்கள் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறாரா? முதல் வேலையில் இருப்பவர்களுக்கான செய்முறை

லீவு கேட்டால் "ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போடு" என்கிறார். சீட்டை விட்டு எழுந்தால், வீட்டில் உட்கார்ந்து போனில் சிசிடிவி பார்த்துக்கொண்டிருக்கும் ஓனரிடமிருந்து அழைப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் லைவ் லொகேஷன் ஆனில் இருக்க வேண்டுமாம். சென்னை, கோவை பக்கம் சின்ன நிறுவனங்களில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதில் ஒன்றாவது நடந்திருக்கும்.

இதில் சண்டை போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மேனேஜர் கேட்பதும் அவருக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் ஒன்றல்ல. கேட்பது உங்கள் லொகேஷன். தேவை, கஸ்டமரைப் பார்த்தீர்களா என்ற பதில். அந்தப் பதிலை முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால், மிச்சத்தை மறுப்பது சுலபம். கீழே சொல்லும் எல்லாமே இதை வைத்துத்தான்.

படி 1: எது ஆபீஸுடையது, எது உங்களுடையது?

கம்பெனி லேப்டாப், கம்பெனி மெயில், டீம்ஸ் அல்லது ஸ்லாக் சாட் எல்லாம் ஆபீஸுடையவை. அட்மின் நினைத்தால் திறந்து படிக்கலாம். இதற்காகப் போராட வேண்டாம், தோற்பீர்கள். வேலை செய்யும் ஹாலில் கேமரா இருப்பதும் அப்படித்தான். உங்கள் சொந்த போன், அதிலுள்ள வாட்ஸ்அப், வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம், குடும்பம், டியூட்டி முடிந்த பிறகான நேரம் இவை உங்களுடையவை.

சட்டம் எவ்வளவு கைகொடுக்கும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் அடிப்படை உரிமைகள் முக்கியமாக அரசுக்கு எதிராகப் பேசுபவை. தனியார் கம்பெனி மேனேஜரிடம் அந்தத் தீர்ப்பை நீட்டிப் பயனில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான தேவைக்கு ஊழியரின் தரவைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த நிறுவனத்துக்கு இடம் விடுகிறது. அதன் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதனால் உங்கள் முதல் ஆயுதம் சட்டம் இல்லை, கீழே வரும் வேலைகள்தான்.

படி 2: ஆபீஸ் மெஷினிலிருந்து உங்களை வெளியே எடுங்கள்

யாரிடமும் எதுவும் பேசுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்துக்குப் போங்கள். என்றோ ஒரு நாள் இன்வாய்ஸ் அனுப்ப ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருப்பீர்கள். அது இன்னமும் அங்கே உட்கார்ந்திருக்கும், கடைசியாக எப்போது இயங்கியது என்ற நேரத்தோடு. நீங்கள் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அதில் தெரிந்தால், வேறு யாரோ படித்திருக்க வாய்ப்புண்டு. தொட்டு லாக் அவுட் செய்யுங்கள். அப்படியே ஸ்டேட்டஸ் பிரைவசியில் மேனேஜரின் பெயரை விலக்கிவிடுங்கள். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு மகாபலிபுரம் கடற்கரைப் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையால் உதவ முடியாது.

அடுத்து, ஆபீஸ் பிரவுசரில் சொந்த ஜிமெயில் இருந்தால் வெளியேறுங்கள். அதில் சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு, வீட்டுக்குப் போய் உங்கள் போனிலிருந்து புது பாஸ்வேர்டு மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆதார், பான் ஸ்கேன், குழந்தையின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

கம்பெனி மெயிலைச் சொந்த போனில் போட்டிருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டில் அது 'வொர்க் புரொஃபைல்' (ஆபீஸ் ஆப்களுக்கான தனிப் பகுதி) ஆக இருந்தால், அந்த ஆப்களின் மேல் குட்டிப் பெட்டிச் சின்னம் தெரியும். அப்படியென்றால் உங்கள் போட்டோவும் சாட்டும் கம்பெனியின் கைக்கு எட்டாது. சின்னம் இல்லாமல் ஏதோ ஒரு ஆப்பை மட்டும் நிறுவச் சொல்லியிருந்தால், செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அதற்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கான்டாக்ட், மைக், கேலரி எல்லாம் கேட்கும் அட்டெண்டன்ஸ் ஆப்புக்கு, லொகேஷனை மட்டும் 'ஆப் பயன்படுத்தும்போது' என்று வைத்தால் பெரும்பாலும் போதும்.

படி 3: வாயைத் திறங்கள், ஆனால் சின்னதாக

தனியாக, அவர் நிதானமாக இருக்கும்போது சொல்லுங்கள். காரணத்தை நீட்டி விளக்கினால் அதிலிருந்தே அடுத்த கேள்வி வரும்.

லொகேஷனுக்கு: "சார், காலையில ஃபீல்டுக்குக் கிளம்பும்போது 8 மணி நேரத்துக்கு லைவ் லொகேஷன் போட்டுடறேன். சாயங்காலம் விசிட் ரிப்போர்ட்டும் வந்துடும். அதுக்கப்புறம் ஆஃப் பண்ணிடுவேன் சார்." வாட்ஸ்அப்பிலேயே 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுதான் உண்டு. டியூட்டியும் சுமார் 8 மணி நேரம்தான் என்பதால் பேச்சு இயல்பாக முடிந்துவிடும்.

மருத்துவ லீவுக்கு: டாக்டரிடம் கேட்கும்போதே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓய்வு தேவை என்று மட்டும் எழுதிய சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். "மேடம், டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கேன். ரிப்போர்ட் பர்சனல், அதை மட்டும் விட்டுடுங்க." 

போனைக் கொடு, பார்க்கணும் என்றால்: "எந்த மெசேஜ் சார் வேணும்? நானே தேடிக் காட்டறேன்." போன் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

கல்யாணம் எப்போது, வீட்டில் என்ன பிரச்சினை என்ற வகைக் கேள்விகளுக்கு ஒரு சிரிப்பும், உடனே ஒரு வேலைக் கேள்வியும் போதும்.

படி 4: எழுத்தில் வையுங்கள்

பேசிய அன்றே ஒரு மெயில். புகார் தொனி வேண்டாம். "இன்று பேசியபடி, பணி நேரத்தில் லொகேஷன் பகிர்கிறேன்; பணி முடிந்ததும் நிறுத்திக்கொள்கிறேன். நன்றி." அவ்வளவுதான். பிறகு அவர் மாற்றிப் பேசினால் இது நிற்கும்.

கூடவே வீட்டில் ஒரு நோட்டு: தேதி, அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். கம்பெனி லேப்டாப்பில் எழுதாதீர்கள். ஆதாரம் என்று நினைத்துக் கம்பெனி ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பவும் வேண்டாம்; உங்களை வெளியே அனுப்ப அதுவே நல்ல சாக்காகிவிடும்.

படி 5: மேலே போவது

எச்.ஆர். இருந்தால் அந்த நோட்டிலிருந்து மூன்று நான்கு சம்பவங்களை மட்டும் எழுதி, என்ன மாற வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள். தொல்லை கொடுப்பவரே ஓனர் என்றால் ஏணி அங்கேயே முடிந்துவிடுகிறது. வேறு வேலை தேடுவது கோழைத்தனம் இல்லை. ஆனால் ஆஃபர் கைக்கு வரும்வரை மூச்சுவிடாதீர்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் மேலே சொன்ன படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். கழிப்பறையிலோ உடை மாற்றும் இடத்திலோ கேமரா இருந்தால் அது எச்.ஆர். விவகாரமே இல்லை, நேராகப் போலீஸ். பெண்ணை அப்படி ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். பெண் ஊழியரிடம் இந்தத் துருவல் பாலியல் தொனிக்குத் திரும்பினால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். அதைவிடச் சின்ன இடமென்றாலும், தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றாலும் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

வேலையை விடும் நாளில்

லேப்டாப்பை ஒப்படைக்கும் முன் பிரவுசரிலிருந்து மறுபடி ஒருமுறை வெளியேறுங்கள். ஆபீஸ் ஃபைல்களைத் தொடாதீர்கள். போனிலிருந்து வொர்க் புரொஃபைலை நீக்குங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்களில் மட்டும் ரிலீவிங் லெட்டரும் கடைசிச் சம்பளமும் வரும்வரை சத்தமில்லாமல் இருந்துவிட்டு, அப்புறம் வெளியேறுங்கள்.