டிரஸ்ட்ல இருந்து பஞ்சாயத்து தலைவர் ஆகுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்ல டிரஸ்ட் நடத்தி ட்யூஷன் சென்டர், ரத்ததான முகாம், குளம் தூர்வாருறதுன்னு பண்ணிட்டு அடுத்து ஊராட்சி மன்றத் தலைவருக்கு நிக்கணும்னு நினைக்கிறவங்க நிறைய வரணும், நானும் அந்த வழியா வந்தவன்தான். ஆனா புதுசா ஜெயிச்சவங்க கூட பேசுனா, அன்னைக்கு நான் பண்ணுன அதே தப்ப அப்படியே பண்ணிட்டிருக்காங்க. வீட்டு வரி பாக்கி, மனுல கையெழுத்து விட்டுப்போறது இதெல்லாம் யாராவது சொல்லிருவாங்க, அத விட்டுருவோம்.

டிரஸ்ட் பேர சொல்லி ஓட்டு கேக்குறது

வேண்டவே வேண்டாம்.

மொதல்ல வேலை, அப்புறம் தீர்மானம்

இத கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். டிரஸ்ட்ல ஒரு தேவைன்னா நாலு பேருக்கு போன் போட்டு காசு தேத்தி மறுநாளே வேலைய ஆரம்பிச்சிருவோம், அந்த வேகத்துக்காகத்தான் ஜனங்க ஓட்டே போட்டாங்க, ஆனா பஞ்சாயத்துல அதே வேகம்தான் ஆள கவுத்துரும். எனக்கு தெரிஞ்ச ஒரு தலைவர், மழைக்கு முன்னாடி முடிச்சிரணும்னு காலனில சாக்கடை கட்ட மேஸ்திரிகிட்ட வாயாலயே சொல்லிட்டாரு, சிமெண்ட் கம்பி எல்லாம் கடன்ல எறக்கியாச்சு. வேலை சுத்தமா முடிஞ்சுது, தண்ணி தேங்கல, ஜனங்களுக்கும் சந்தோஷம். பில்லுன்னு போய் நின்னா, எஸ்டிமேட் எங்க, நிர்வாக அனுமதி எங்க, வேலை உத்தரவு எங்கன்னு கேக்குறாங்க. மூடுன பள்ளத்துல அடில என்ன போட்டீங்கன்னு நான் எப்படி எம் புக்ல (செஞ்ச வேலைய அளந்து பதியுற புத்தகம்) எழுதுறதுன்னு ஓவர்சியர் கேட்டாரு, அவர் கேட்டதுல தப்பே இல்ல. வார்டு மெம்பருங்களும் எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு திரும்பிட்டாங்க. கடைசில மனைவி நகைய வச்சுத்தான் மேஸ்திரிக்கு செட்டில் பண்ணாரு.

இந்த மாதிரி நேரத்துல, பழைய தேதி போட்டு ஒரு தீர்மானம் எழுதிக்கலாம்னு யாராவது வந்து சொல்வாங்க. தயவுசெஞ்சு அதுக்கு மட்டும் தலையாட்டாதீங்க. கைக்காசு போறது ஒரு நஷ்டம், மினிட் புக்ல பொய் எழுதுனா ஆடிட்ல மாட்டி பதவிக்கே வேட்டு வந்துரும். தீர்மானம், எஸ்டிமேட், அனுமதி, வேலை உத்தரவு, அதுக்கப்புறம்தான் மண்வெட்டி. மோட்டார் எரிஞ்சு ஊருக்கே தண்ணி இல்லங்குற மாதிரி அவசரம்னா அன்னைக்கே பிடிஓவுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) எழுத்துல குடுத்துட்டு இறங்குங்க.

எந்த காச எதுக்கு தொடலாம்னும் பாத்துக்கணும். மத்திய அரசு பணத்த எப்படி பங்கு பிரிக்கணும்னு சொல்ற 15-வது நிதிக்குழு 2021-26க்கு பரிந்துரைச்ச மானியத்துலயே 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்னு கட்டுப்படுத்தித்தான் வந்துச்சு, அத எடுத்து உங்களுக்கு பிடிச்ச ரோட்ட போட முடியாது.

துணைத் தலைவர ஒதுக்கி வைக்கிறது

செக்ல அவர் கையெழுத்தும் வேணும்.

ஊர்க்காரங்கள பயனாளியாவே பாக்குறது

டிரஸ்ட்ல நோட்டுப்புத்தகம் வாங்குனவங்க கணக்கு கேக்க மாட்டாங்க. கிராம சபைல கேப்பாங்க, கேக்குறது அவங்க உரிமை, அதுக்கு முகம் சுளிக்கக்கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு 6 தடவை நடக்குது, நிக்கணும்னு நினைக்கிறவங்க இப்பவே போய் கடைசி வரிசைல உக்காந்து வரவு செலவு வாசிக்கிறத கேளுங்க.

டிரஸ்டையும் பஞ்சாயத்தையும் கலக்குறது

பஞ்சாயத்து வேலைய உங்க டிரஸ்டுக்கோ சொந்தக்காரங்களுக்கோ குடுத்தா பதவியே பறிபோகலாம், நல்ல எண்ணத்துல குடுத்தேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. வெளிநாட்டு நன்கொடை வர்ற டிரஸ்டா இருந்தா இன்னும் உஷாரா இருங்க, தேர்தல் வேட்பாளர் அந்தப் பணம் வாங்கக்கூடாதுன்னு எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துலயே இருக்கு, பஞ்சாயத்து தேர்தலும் அதுல சேரும். மனு போடுறதுக்கு முன்னாடியே ஆடிட்டரோட உக்காந்து, டிரஸ்ட்ல செக் போடுற பொறுப்ப யாருக்கு மாத்துறதுன்னு முடிவு பண்ணி தீர்மானம் போட்டுருங்க.