மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு தோல் இறுகுகிறதா? வாரம் ஒருமுறை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்தவர்களிடம் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. (தானமாக வந்த செல்கள் பெற்றவரின் உடம்பையே தாக்கும் நோய்) என்றால், உடனே சிவப்புத் தடிப்பைத்தான் தேடுவார்கள். ஆனால் தானமாக வந்த டி-செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) சில சமயம் தோலுக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா சவ்வைக் குறிவைக்கும். மேல்தோல் பார்வைக்கு நன்றாகவே இருக்க, அடியில் தழும்பு இறுகிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தப்புவதை மூட்டு காட்டிக்கொடுக்கும்.

வாரம் ஒரு நாள், ஜன்னல் வெளிச்சத்தில் சோதியுங்கள். முதலில் கும்பிடுங்கள். உள்ளங்கைகளை மார்புக்கு நேரே சேர்த்து முழங்கைகளைத் தூக்கும்போது நடுவே இடைவெளி விழுகிறதா? பிறகு கைகளைக் காதோடு ஒட்டி மேலே தூக்குங்கள், முழங்கையை முழுக்க நீட்டுங்கள், பாதத்தை முன்னங்கால் பக்கம் மடக்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். போன மாதப் படத்தோடு ஒப்பிட்டால்தான் மெதுவான இழப்பு தெரியும்.

அடுத்து தொடையும் மேற்கையின் உட்புறமும்: ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம், கையைத் தூக்கினால் பச்சை நரம்பு ஓடும் வழியில் வாய்க்கால் போன்ற குழிவு. பாவாடை நாடா, எலாஸ்டிக், பிரா பட்டை அழுத்தும் இடங்களையும் தடவிப் பாருங்கள். இறுக்கம் அங்கே தொடங்குவது உண்டு.

இதற்கெல்லாம் முன்பே கைகால் வீக்கம், திடீர் எடை, தசைப்பிடிப்பு வரலாம். 'உப்பு கூடிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். இன்னொரு சிக்கல்: மேலோட்டமாக எடுக்கும் பயாப்ஸி சவ்வுவரை போகாது, ரிப்போர்ட் சாதாரணமாக வந்துவிடும். எம்.ஆர்.ஐ. அல்லது ஆழமான பயாப்ஸி தேவையா என்று கேளுங்கள்.

குளித்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு பூசுங்கள். பெரியவருக்கு உடம்பு முழுக்க ஒருமுறைக்குச் சுமார் 30 கிராம் பிடிக்கும். சின்ன டியூப் இரண்டு நாளில் தீர்ந்தால் பயப்பட வேண்டாம். மஞ்சள், நலங்கு மாவு எதுவும் வேண்டாம். வோரிகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்து சாப்பிடுபவர்கள் வெயிலில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்: அந்த மருந்து தோலை வெயிலுக்கு எளிதில் கருக வைக்கும், நீண்டநாள் எடுத்தால் தோல் புற்றுநோய் அபாயத்தையும் கூட்டும். இறுகிய தோலில் பிளாஸ்திரியைப் பிய்க்காதீர்கள். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம்.

கொப்புளம், தோல் உரிதல், காய்ச்சல், மூச்சு இழுக்க மார்பு விரியாமை – இவற்றுக்கு அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்காமல் அன்றே மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.